நான் தவறவிட்ட ஆல்ஃபா-2

மருந்தியல் துணைத்தேர்வின் முடிவு நேற்று முன்தினம் வந்தது, தேறிவிட்டேன். முதல் முறை என்னைக் கவிழ்த்தது ஒரே வரிதான். இரத்த நாளங்களில் அட்ரினலின் வந்து ஒட்டும் ஏற்பிகளைப் பற்றி ‘ஆல்ஃபா சுருக்கும், பீட்டா விரிக்கும்’ என்று பாம்பனில் வீட்டு மொட்டைமாடியில் நடந்து நடந்து உருப்போட்டதை நம்பி வாய்மொழித் தேர்வுக்குப் போனேன். தேர்வாளர் அட்ரினலின் செலுத்தியதும் இரத்த அழுத்தம் ஏறும் வரைபடத்தை நீட்டி, முன்னதாக ஆல்ஃபாவை அடைக்கும் ஃபென்டோலமைன் செலுத்தியிருந்தால் இந்தக் கோடு ஏன் கீழே இறங்கும் என்று கேட்டார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்தியல் அறிஞர் ஹென்றி டேல் 1906இல் எர்காட் என்ற பூஞ்சையின் சாற்றைக் கொண்டு காட்டிய தலைகீழ் மாற்றம் அது. ஆல்ஃபா அடைபட்டுவிட்டால், எலும்புத்தசை நாளங்களிலுள்ள பீட்டா-2 மட்டும் எதிர்ப்பின்றி வேலை செய்து நாளங்களை விரித்துவிடுகிறது. நரம்பு முனையிலிருந்து வெளிவரும் நார்அட்ரினலினுக்குப் பீட்டா-2இன் மீது பிடிப்பு மிகக் குறைவு என்பதால், அது தரும் அழுத்த ஏற்றம் தணியுமே தவிரத் தலைகீழாவதில்லை.

ஏற்பியின் பெயரைவிட அது இருக்கும் இடத்தையே முதலில் படியுங்கள். ஆல்ஃபா-1 நாளத்தின் மென்தசையில் இருந்து சுருக்குகிறது. ஆல்ஃபா-2 அங்கும் உண்டு. ஆனால் நரம்பு முனையில் இருக்கும் ஆல்ஃபா-2, நார்அட்ரினலின் மேலும் வெளிவராமல் தடுக்கிறது. ஃபென்டோலமைன் இந்தத் தடையையும் நீக்கிவிடுவதால்தான் இதயம் அவ்வளவு படபடக்கிறது. ஆல்ஃபா-1ஐ மட்டும் அடைக்கும் பிரசோசினில் அது குறைவு. ஆல்ஃபா-2ஐத் தூண்டும் குளோனிடைனைச் சிரைவழி செலுத்தும்போது அழுத்தம் சற்று ஏறிப் பின் இறங்குவதும் இதே கதைதான்: முதலில் நாளத்தின் ஆல்ஃபா-2, பிறகு மூளையின் ஆல்ஃபா-2.

பிரசோசினை நான் மறக்கவே முடியாது. முதல் மாத்திரை போட்ட மறுநாள் விடியலில், கடலுக்குப் புறப்படக் கட்டிலிலிருந்து எழுந்த அப்பா தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எழுந்து நிற்கையில் சுருங்க வேண்டிய நாளங்கள் சுருங்கவில்லை.

எனக்குக் கூட்டுப் படிப்பு ஒத்துவராது. ஆகவே என் வழி இது:

– மருந்துப் பட்டியலை மூடிவைத்து, வெற்றுத்தாளில் நாளம், நரம்பு முனை, இதயம் மூன்றையும் வரையுங்கள்.
– மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், நாடி மூன்றையும் தனித்தனியே கணியுங்கள். பீட்டாவை மட்டும் தூண்டும் ஐசோபிரினலினில் கீழ் அழுத்தம் விழுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.
– நாளச்சுவர் சுரக்கும் எண்டோதெலினின் பி ஏற்பி நாளத்தின் உட்படலத்தில் இருந்தால் விரிக்கும், மென்தசையில் இருந்தால் சுருக்கும். இங்கும் இடம்தான்.

இரண்டாம் முறை, அட்ரினலினும் நார்அட்ரினலினும் சுரக்கும் கட்டியான ஃபியோகுரோமோசைட்டோமாவில், பீட்டாவை அடைக்கும் புரோப்ரனலாலை ஏன் முதலில் கொடுக்கக் கூடாது என்றார்கள். பீட்டா-2இன் விரிவு அடைபட்டு ஆல்ஃபாவின் சுருக்கம் மட்டும் மிஞ்சினால் அழுத்தம் எகிறும் என்று தாளில் வரைந்தே காட்டினேன். தேர்வாளர் அடுத்த வரைபடத்தை எடுக்கவில்லை.