படிப்பகத்தின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு

எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாலை நேரப் படிப்பகம் ஒன்றைச் சிலர் சேர்ந்து நடத்தி வருகிறோம். முதல் 4 ஆண்டுகள் நன்கொடைப் பணம் முழுவதும் செயலாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில்தான் இருந்தது. அவர் நெஞ்சுவலியால் 20 நாள் மருத்துவமனையில் இருந்தபோது, வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் எங்கள் கைப்பணத்தைப் போட வேண்டியதாயிற்று. அவருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், வங்கி அந்தத் தொகையை அவருடைய குடும்பத்தாரிடம்தான் கொடுத்திருக்கும். துக்க வீட்டில் போய், இதில் இவ்வளவு படிப்பகத்துப் பணம் என்று எந்த முகத்தோடு கேட்பது?

அவர் நலமாகி வீடு திரும்பிய பின், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, சங்கத்தின் பெயரிலேயே பான் அட்டையும் பெற்றோம். பொருளாளர் என்ற முறையில் வங்கி தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் சென்ற கிளையில், சங்கம் என்றால் நடப்புக் கணக்குதான் என்று சொல்லி அதற்கான படிவத்தைக் கொடுத்துவிட்டார்கள். நடப்புக் கணக்கில் வட்டி கிடையாது. அங்கு வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்போ எங்களுடைய இரண்டு மாத வாடகைக்குச் சமம். ஆனால், 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழோ அதற்கு இணையான மாநிலச் சட்டத்தின்கீழோ பதிவு பெற்ற சங்கங்கள் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதிகளிலேயே இடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வேறொரு வங்கிக்குச் சென்றேன். மேலாளர் நிதானமாகப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

அங்கும் ஒரு தடை வந்தது. பதிவுச் சான்றிதழில் சங்கத்தின் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு 'பி' எழுத்துகளோடும், பான் அட்டையில் ஒன்றோடும் இருந்தது. அந்த ஓர் எழுத்தைத் திருத்தி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. விண்ணப்பிக்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

செயற்குழுவில் அதிகம் பேசப்பட்டது கணக்கை இயக்கும் முறை பற்றித்தான். ஒருவர் கையொப்பம் போதும், வேலை சுலபமாகும் என்றனர் சிலர். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அவ்வாறே தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். ஆட்களின் பெயரோடு பதவியையும் குறித்தது பின்னால் உதவியது. கூட்டுக் கையொப்பக் கணக்கு என்பதால் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் வசதியை அந்தக் கிளை தரவில்லை. நன்கொடையைக் கணக்கிலேயே நேராகப் பெறுகிறோம், செலவைக் காசோலையாகவே கொடுக்கிறோம். ஒவ்வொரு செலவையும் இருவர் பார்க்கிறார்கள் என்பதற்காக அந்தச் சிரமத்தை மனமாரவே ஏற்றுக்கொண்டோம்.

சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பணம் அனுப்ப விரும்பினார். வெளிநாட்டு நன்கொடைக்கு உள்துறை அமைச்சகத்தின் தனி அனுமதியும், புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும் என்பதால், நன்றி கூறி மறுத்துவிட்டோம்.

சென்ற ஆண்டு செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். புதிய தீர்மானம், பதிவாளரிடம் தாக்கல் செய்த நிர்வாகிகள் பட்டியல், புதியவரின் ஆதார், பான் நகல்கள் ஆகியவற்றைக் கொடுத்தோம். 11ஆம் நாள் மாதிரிக் கையொப்பம் மாறியது. அம்மாத வாடகைக் காசோலையில் புதிய செயலாளரும் நானும் கையொப்பமிட்டோம்.