எச்.டி.எல். புரதங்களும் நோயெதிர்ப்பும்: நான் படித்த விதம்

எச்.டி.எல். (ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும், கொழுப்பும் புரதமும் சேர்ந்த துகள்) என்றதும் "நல்ல கொலஸ்ட்ரால், கல்லீரலுக்குத் திருப்பி எடுத்துப்போகும்" என்று எழுதி முடித்துவிடுவது வழக்கம். கேள்வி அதிலுள்ள புரதங்களையும் நோயெதிர்ப்பையும் பற்றியது என்றால் அதற்குப் பாதி மதிப்பெண்கூடத் தேறாது. முதுநிலை உயிர்வேதியியல் தேர்வுக்கு இந்தப் பகுதியை எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன்.

புரதப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். அது நீளமானது, இரண்டே நாளில் மறந்துபோகும். ஒவ்வொரு புரதமும் தொற்று வந்தால் என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனேன். அப்போ ஏ-1 (apoA-I) என்ற புரதம் எச்.டி.எல்.லின் மொத்தப் புரதத்தில் சுமார் 70 சதவீதம். அது மேக்ரோஃபேஜிலிருந்து (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்) கொலஸ்ட்ராலை வெளியே இழுப்பதால், செல் சவ்வில் கிருமிகளை உணரும் டி.எல்.ஆர்.4 ஏற்பியின் அழற்சி சமிக்ஞையும் தணிகிறது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள எல்.பி.எஸ். நச்சையும் எச்.டி.எல். பிடித்து வைத்துக்கொள்ளும். பாராக்சோனேஸ்-1 என்ற நொதி, கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதைத் தடுக்கும். காம்ப்ளிமென்ட் சி3 (கிருமிகளை அழிக்க உதவும் ரத்தப் புரதம்), புரோட்டியேஸ் தடுப்பான்கள் (புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பவை) ஆகியவையும் எச்.டி.எல்.லில் இருப்பதை 2007-இல் வந்த புரோட்டியோமிக்ஸ் (புரதங்களை மொத்தமாகக் கண்டறியும்) ஆய்வு காட்டியது. இவற்றுக்கு ஆளுக்கொரு வரி போதும்.

நேரத்தை அப்போ எல்-1 (apoL1) என்ற எச்.டி.எல். புரதத்துக்குச் செலவழியுங்கள். ஆடுமாடுகளைத் தாக்கும் டிரிப்பனோசோமா புரூசி புரூசி என்ற ஒட்டுண்ணி மனிதரிடம் பிழைக்காததற்குக் காரணம் இதுதான். ஒட்டுண்ணிக்கு ஹீம் (ஹீமோகுளோபினில் உள்ள இரும்புச் சேர்மம்) வேண்டும். எச்.டி.எல்.லின் ஒரு சிறு வகையில், ஹாப்டோகுளோபினை (ஹீமோகுளோபினைப் பிடிக்கும் ரத்தப் புரதம்) ஒத்த ஒரு புரதம் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரை என்று நினைத்து ஒட்டுண்ணி அதை உள்ளே இழுக்க, கூடவே அப்போ எல்-1 போய் லைசோசோம் (செல்லின் செரிமானப் பை) சவ்வில் துளை போடுகிறது. ஒட்டுண்ணி வீங்கி வெடிக்கிறது. இதே ஒட்டுண்ணியின் ரொடீசியன்ஸ் வகையோ எஸ்.ஆர்.ஏ. என்ற புரதத்தால் அப்போ எல்-1-ஐக் கட்டிப்போட்டுத் தப்பி, மனிதருக்குத் தூக்க நோயைத் தருகிறது. எஸ்.ஆர்.ஏ.வின் இந்தப் பிடியை முறியடிக்கும் அப்போ எல்-1 மரபணு மாறுபாடுகள் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் உண்டு. ஆனால் அவற்றில் இரண்டு பிரதிகள் இருந்தால் சிறுநீரக நோய் அபாயம் கூடும் என்று 2010-இல் தெரியவந்தது. இந்த ஒரு கதையில் உயிர்வேதியியல், மரபியல், பரிணாமம் மூன்றும் வந்துவிடுகின்றன. விரித்து எழுத இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் சீரம் அமிலாய்ட் ஏ என்ற புரதம். இதைப் பலர் விட்டுவிடுவார்கள். கடும் அழற்சியில் ஐ.எல்.-6 போன்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களின் தூண்டுதலால் கல்லீரல் இதைச் சுரக்கிறது. ரத்தத்தில் அளவு ஆயிரம் மடங்கு வரைகூட ஏறும். அது எச்.டி.எல். துகளில் ஏறி உட்கார, அப்போ ஏ-1 கழன்றுபோகிறது, பாராக்சோனேஸும் குறைகிறது. சாதாரண நாளின் துகளையும் காய்ச்சல் நாளின் துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினால் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை.

வாய்மொழித் தேர்வில் "எச்.டி.எல். கூடக்கூட எதிர்ப்புச் சக்தியும் கூடுமா?" என்று கேட்பார்கள். சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். 2018-இல் வெளியான டென்மார்க் ஆய்வில் எச்.டி.எல். கொலஸ்ட்ரால் மிகக் குறைந்தவர்களுக்கும் மிக அதிகமானவர்களுக்கும் தொற்று நோய் அபாயம் கூடுதலாக இருந்தது. சோதனைக்கூடத்தில் அளப்பது கொலஸ்ட்ராலை, துகளில் எந்தப் புரதம் ஏறியிருக்கிறது என்பதை அல்ல. பதிலை இங்கிருந்து தொடங்கினால் அடுத்த கேள்வி பெரும்பாலும் சீரம் அமிலாய்டைப் பற்றித்தான் வரும்.