லாம்பிரெட்டா எல்ஐ 150: எஞ்சின் முடிந்தது, பெயிண்ட் இன்னும் தொடவில்லை

பழைய இத்தாலி ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வெஸ்பாவா லாம்பிரெட்டாவா என்பதைக் கடைசியில் முடிவுசெய்தது துருதான். வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். 1946-இல் பியாஜியோ நிறுவனத்துக்காக அவர் செய்த வண்டிக்குத் தனியாக ஃபிரேம் கிடையாது, உடம்புத் தகடே ஃபிரேம். அருமையான யோசனை, ஆனால் கால் வைக்கும் தகட்டை அடியிலிருந்து துரு அரித்துவிட்டால் வெட்டி எடுத்து, உடம்பு கோணாமல் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும், அது என் கைக்கு மீறிய வேலை. லாம்பிரெட்டா எல்ஐ-யில் நடுவில் கனமான குழாய் ஃபிரேம், மற்றதெல்லாம் போல்ட் போட்டு மாட்டியவை, கழற்றி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

என் வண்டி சீரீஸ் 2, அதாவது ஹேண்டிலோடு ஹெட்லைட்டும் திரும்பும் வகை. மேலே பளபளவென்று பெயிண்ட். காந்தம் வைத்துப் பார்த்தால் சைடு பேனலில் சில இடங்களில் ஒட்டவே இல்லை, உள்ளே கெட்டிப் பட்டி. இப்படி மேலுக்கு அழகாக்கி விற்கிற வண்டிகள் நிறைய, வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரு காந்தம் எடுத்துப் போங்கள்.

சரி, எஞ்சின். இந்த 148 சிசி டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இருக்கும் அறைக்குள் போய்த்தான் சிலிண்டருக்கு ஏறுகிறது, அதனால் கிராங்க்கின் இரண்டு பக்க ஆயில் சீலும்தான் இதன் உயிர். மேக்னெட் (கிராங்க்கோடு சுழன்று மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்க சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய்க் கலவையில் பெட்ரோல் குறையும், எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். செயின் பக்க சீல் போனால் கியர் ஆயிலையே உறிஞ்சி எரிக்கும், வெள்ளைப் புகை நிற்காது, பிளக் எப்போதும் ஈரமாகவே இருக்கும். கார்புரேட்டரை மாற்றி மாற்றித் திருகிப் பார்க்கிற பலருடைய வண்டியில் உண்மையான குறை இதுதான் என்பது என் எண்ணம்.

அதனால் பேரிங், சீல், பேக்கிங் எல்லாமே புதிது. மேக்னெட்டைக் கழற்ற அதற்கான புல்லர், அதாவது இழுத்தெடுக்கும் கருவி, கட்டாயம், சுத்தியலால் தட்டினால் கிராங்க் நேர் கெட்டுவிடும். பேரிங்கை அடித்து இறக்காமல் அலுமினியக் கேஸிங்கைச் சூடாக்கினால், அது விரிந்து கொடுக்க, பேரிங் தானாகவே உட்கார்ந்துவிடும். உட்காரும்போது வரும் அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்! அப்புறம் இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்துவிட்டு, கைப்பம்பால் கொஞ்சமாகக் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். எங்கும் குமிழி இல்லை, அழுத்தமும் இறங்கவில்லை. இந்தச் சோதனை செய்யாமல் எஞ்சினை வண்டியில் ஏற்றவே கூடாது.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற பயம் பலருக்கு உண்டு. லாம்பிரெட்டாவைத் தயாரித்த இன்னோசென்டி நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது இயந்திரங்கள் லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியாவுக்கு விற்கப்பட்டன, உற்பத்தி அங்கே பல வருடம் தொடர்ந்தது. இன்று இவ்வளவு பாகங்கள் புழங்குவதற்கு அது ஒரு பெரிய காரணம். தரம் மட்டும் ஒரே மாதிரி இருக்காது, பொருத்துவதற்கு முன்னால் பழையதோடு வைத்து அளந்துவிடுங்கள்.

கியர் பாக்ஸில் 90 கிரேடு ஆயில் 700 மில்லி, பெட்ரோலில் 4 சதவீதம் டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானது), பிளக்கின் பொறிக்காக மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.40 மில்லிமீட்டர். மேக்னெட்டுக்குள் அசையாமல் நிற்கும் காயில் தட்டான ஸ்டேட்டரின் ஒயர்களின் மேலுறை தொட்டாலே நொறுங்குகிறது, அடுத்த வேலை அதுதான். ஒயர் மாற்றி, கியர் கேபிள் இரண்டையும் சரிபார்த்து, கொஞ்ச காலம் இந்தப் பழைய பெயிண்ட்டோடேயே ஓட்டப் போகிறேன். ஓட்டும்போதுதான் எது ஆடுகிறது, எது உரசுகிறது என்று தெரியும், புதுப் பெயிண்ட்டில் கீறல் விழாமல் அதையெல்லாம் திருத்திக்கொள்ளலாம்.