கொள்ளுக்குடிப்பட்டியிலிருந்து காரங்காடு வரை

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் கானாடுகாத்தான் வீடுகளைப் பார்த்துவிட்டு, காரைக்குடியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நான் இந்த மார்கழியில் பறவைகளுக்காகவே போனேன்.

முதலில் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி. 1977-லிருந்து சரணாலயம். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தை குத்தி நாரைகளும் கொக்குகளும் நெருக்கியடித்துக் கூடு கட்டியிருந்தன. பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. “குஞ்சு பொரிக்கிற நேரம் தம்பி, சத்தம் கேட்டா கூட்ட விட்டுப் போயிருமுல்ல” என்றார் கரையில் மாடு மேய்த்த அப்பத்தா.

அப்புறம் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குத் தெற்கே காரங்காடு. பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்பார்கள் மீனவர்கள். ஆழம் குறைவு, அலையும் குறைவு. தண்ணீர் வற்றியதும் தெரிகிற சேறுதான் வலசை வரும் உள்ளான் என்கிற கரைப்பறவைகளுக்குச் சாப்பாட்டு இடம். ஓர் உள்ளான் அலகை வேர்வரை சேற்றில் விட்டு, புழு அறுந்துவிடாமல் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாய் ஓடி வர, கூட்டமே எழும்பிவிட்டது. இப்படி எழும்பும் ஒவ்வொரு முறையும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே திரும்புவதற்காக உடம்பில் சேர்த்த கொழுப்பு கரைகிறது.

நாயைவிடப் பெரிய ஆபத்து, இந்தச் சேற்றைச் சும்மா கிடக்கும் இடமாக நினைப்பது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் எத்தனையோ சேற்றுவெளிகள் இறால் பண்ணைகளாகிவிட்டன. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது சட்டக் கட்டுப்பாடுள்ள கரையோரப் பகுதிக்குள், நவீன இறால் பண்ணை கூடாதென்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-ல் வந்த சட்டம் பதிவு செய்து நடத்த வழி விட்டது. எனக்கு இதில் இன்றும் ஆற்றாமைதான். கடற்கரை மணலில் சவுக்கு நடுவதும் அப்படித்தான். ஆலா, உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் வெட்டவெளி மணலில் முட்டையிடுபவை, தோப்புக்குள் அவற்றுக்கு இடமில்லை.

காரங்காட்டில் வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்களே அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். “மரம் இருந்தாத்தாண்ணே நண்டும் இறாலும்” என்றார் படகுக்காரத் தம்பி. கொள்ளுக்குடிப்பட்டி மாதிரி கடற்கரை ஊர்களும் முடிவெடுக்கலாம்: முட்டையிடும் மாதங்களில் மணலில் வண்டி வேண்டாம், கிழிந்த நைலான் வலையைக் கரையில் போட வேண்டாம், சேற்றுவெளியைப் பண்ணைக்குக் குத்தகை விட வேண்டாம்.

பொங்கலுக்குச் சொந்த ஊர் வருகிறவர்கள் அந்த நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் தங்கள் ஊருணியையும் கண்மாயையும் சேர்த்துவிடுங்கள். ஒரு நாள் தொண்டிப் பக்கமும் போய் வாருங்கள். அங்கே எண்ணுவதற்கு ஆள் குறைவு.