ஏசி வருவதற்கு முன் இழுத்த லைன்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருக்கும் எங்கள் வீடு பழசு. மேலே அஸ்பெஸ்டஸ் கூரை, அதற்குக் கீழே பலகை சீலிங், சுவருக்குள் எப்போதோ போட்ட வயரிங். பின் அறைக்கு 12,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) இன்வேட்டர் ஏசி ஒன்று பூட்டுவது என்று முடிவானதும் வீட்டில் எல்லோரும் எந்த பிராண்ட் நல்லது என்றுதான் கதைத்தார்கள். என் கவலை வேறு. ஏசி பூட்ட வருகிறவர்கள் கொப்பர் பைப்பிலும் காஸிலும் கெட்டிக்காரர்கள். கரண்ட் எங்கேயிருந்து, எந்த வயரில் வருகிறது என்பது அவர்கள் பாடு இல்லை. "பொயின்ட் எங்கே?" என்று கேட்பார்கள், காட்டினால் கொளுவிவிட்டுப் போவார்கள். வயரிங் செய்கிறவரோ அன்றைக்கு வீட்டிலேயே இருக்கமாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் கேட்பாரற்றுக் கிடக்கிற வேலை இது. ஏசி பெட்டி வாசலுக்கு வருமுன்பே அதற்கான லைனை முடித்துவைப்பது என்று இறங்கினேன்.

எனக்கு இது பொழுதுபோக்குத்தான். அதனால் ஆரம்பத்திலேயே வேலையைப் பிரித்துக்கொண்டேன். கணக்குப் பார்ப்பது, வயர் போகிற பிளாஸ்டிக் கேசிங் அடிப்பது, வயர் இழுப்பது, கரண்ட் இல்லாத இடத்தில் அளப்பது எல்லாம் நான். மெயின் போர்டுக்குள் கை வைப்பதும் கடைசிச் சோதனையும் மாளிகாவத்தையிலிருந்து வருகிற வயரிங்காரர், நாங்கள் 'நானா' (அண்ணன்) என்று கூப்பிடுகிறவர். என்விகியூ என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவர், பேச்சு குறைவு, வேலை சுத்தம். மீற்றரும் அதன் சீலும் மின்சார சபையுடையவை. அந்தப் பக்கம் இரண்டு பேருமே போகவில்லை.

முதலில் கணக்கு

எங்களுடையது 30 ஆம்பியர் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. 230 வோல்ட்டில் அது 6.9 கிலோவாட். குளியலறை ஹீட்டர் 3.5 கிலோவாட், அது மட்டும் 15 ஆம்பியர். கேத்தல் 9 ஆம்பியருக்குக் கிட்ட, அயர்ன் 4 சொச்சம். இந்த மூன்றும் ஒன்றாக ஓடும் காலை நேரத்தில் 28 ஆகிவிடுகிறது. ஏசியின் பெயர்த்தகட்டில் சாதாரண ஓட்டம் 5 ஆம்பியர், உச்சம் 8.5 என்று இருந்தது. கடையில் சொல்கிறவர்கள் முதல் எண்ணைத்தான் சொல்வார்கள், வயர் தெரிவு செய்ய இரண்டாவதுதான் வேண்டும். ஏசி ஓடுவது இரவில், ஹீட்டர் காலையில் என்பதால் ஒரு ஏசிக்கு இந்த இணைப்பு தாங்கும்.

அடுத்தது வயர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஏசிக்கு என்று கேட்டால் யோசிக்காமல் 7/0.67 எடுத்து மேசையில் வைப்பார்கள். அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர். குழாய்க்குள் போகும்போது அது 24 ஆம்பியர் தாங்கும் என்று அட்டவணை சொல்கிறது. இந்த லைனுக்குப் போடப்போகும் 20 ஆம்பியர் புரேக்கருக்கு அது போதும்தானே? போதும், சுற்றியுள்ள வெப்பம் 30 பாகையாக இருந்தால். எங்கள் லைன் போவதோ அஸ்பெஸ்டஸுக்கும் சீலிங்குக்கும் நடுவில். மார்ச் மாத மத்தியானத்தில் ஒரு வெப்பமானியை மேலே வைத்துவிட்டு வந்து பார்த்தேன், 45ஐத் தாண்டி நின்றது. 45 பாகையில் அந்த 24ஐ 0.79 ஆல் பெருக்கவேண்டும். 19 தான் மிஞ்சும். புரேக்கர் 20 ஆம்பியர் வரை பேசாமல் விடும், வயருக்கு அதற்கு முன்பே சூடு ஏறிவிடும். பாதுகாக்க வேண்டிய புரேக்கர் தன் வயரையே பாதுகாக்காத நிலை அது. ஆகவே 7/0.85, 4 சதுர மில்லிமீட்டர். அது 32, வெப்பத்துக்குக் கழித்த பிறகும் 25 நிற்கும். கடைக்காரர் "இவ்வளவு தேவையில்லை தம்பி" என்றார். அவர் கடையில் ஏசி இருந்தது, கூரைக்குள் அவர் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்.

போர்டிலிருந்து அறை வரை கிட்டத்தட்ட 15 மீட்டர். வோல்ட் குறைவது இரண்டுக்கும் குறைவாகத்தான் வரும், அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. நடுவில் ஒரு இடத்திலும் ஜொயின்ட் இல்லாமல் ஒரே துண்டாக இழுத்தேன். வேறு பிளக், லைட் எதுவும் இந்த லைனில் இல்லை.

எர்த் என்று ஒன்று இருந்ததா?

நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். பின் அறையில் ஏற்கெனவே ஒரு 13 ஆம்பியர் பிளக் பொயின்ட் உண்டு. ஏசிக்காரர்கள் வந்திருந்தால் அதைத்தான் பாவித்திருப்பார்கள். மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தேன். லைவ், நியூட்ரல் இடையே 231. நல்லது. லைவ், எர்த் இடையே 97. எர்த் ஒழுங்காக இருந்தால் அதுவும் 230க்குப் பக்கத்தில் வரவேண்டும். 97 என்றால் அந்த எர்த் முள் எதிலும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது, பக்கத்து வயர்களின் தூண்டலில் மீற்றர் ஏதோ ஒன்றைக் காட்டுகிறது. டெஸ்டர் ஸ்குரூ டிரைவரால் மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே வராது. லைவில் மின்னும், மற்றதில் மின்னாது, எல்லாம் சரி என்று போய்விடுவார்.

மெயினை அணைத்து பிளக் பெட்டியைக் கழற்றினேன். பச்சை வயர் ஒழுங்காக முறுக்கித்தான் பூட்டியிருந்தது. அதைப் பின்தொடர்ந்து சீலிங்குக்குள் இருக்கும் ஜங்ஷன் பெட்டிக்குப் போனால், அங்கே அது வெட்டப்பட்டு, மடித்து, சிவப்பு கறுப்பு வயர்களின் மேலேயே சுற்றி டேப் ஒட்டப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் இடம் போதவில்லை என்று எர்த்தைத் தியாகம் செய்திருக்கிறார். வெளியே, உடுப்புத் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் எர்த் ரொட்டை, அதாவது எர்த்துக்காக மண்ணில் அடித்த உலோகக் கம்பியைத் தேடினேன். ரொட் இருந்தது. கிளாம்ப் பச்சைப் பொடியாகி, கை பட்டதும் கழன்று வந்தது. கடல் காற்றுக்கு இது ஒன்றும் அதிசயம் இல்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், இங்கே எர்த் என்பது மின்சார சபை தருவது அல்ல. இலங்கையில் வீட்டுக்கு வருவது லைவும் நியூட்ரலும்தான். எர்த்தை அந்தந்த வீடு தன் மண்ணில் தானே அடித்துக்கொள்ளவேண்டும். மண்ணின் தடை எப்போதும் சில ஓமாவது இருக்கும், மணல் நிலத்தில் இன்னும் கூடும். நானா தன் எர்த் டெஸ்டரைக் கொண்டுவந்தார். புதிதாக அடித்த ரொட்டுக்கு 38 ஓம் காட்டியது. ரொட்டின் நீளத்துக்கும் கூடுதலாகத் தள்ளி இன்னொன்றை அடித்து இரண்டையும் இணைத்ததும் 22க்கு வந்தது. "நல்லம் தம்பி, இந்த மண்ணுக்கு இது போதும்" என்றார்.

22 ஓம் என்றால் என்ன நடக்கும்? வெளி யூனிட்டுக்குள் ஒரு லைவ் வயர் கழன்று தகரத்தில் தொடுகிறது என்று வையுங்கள். 230ஐ 22ஆல் பிரித்தால் பத்தரை ஆம்பியர் மண்ணுக்குள் போகும். 20 ஆம்பியர் புரேக்கர் அதை ஒரு சாதாரண ஏசி ஓட்டமாக நினைத்து அப்படியே நிற்கும். சி வகை புரேக்கர் உடனே விழ 100 ஆம்பியராவது வேண்டும். அதுவரை அந்தத் தகரம் முழுக்க கரண்ட். ஆகவே நம் ஊரில் ஆளைக் காப்பது ட்ரிப் சுவிட்ச் என்று நாம் சொல்லும் ஆர்சிசிபிதான். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் 30 மில்லிஆம்பியர் வித்தியாசப்பட்டாலே அது விழுந்துவிடும். "அப்படியென்றால் எர்த் எதற்கு?" என்று தம்பி கேட்டான். எர்த் இல்லாவிட்டாலும் ட்ரிப் சுவிட்ச் விழும், ஆனால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். கசிவுக்கு அதுவரை வேறு பாதை இல்லை. எர்த் இருந்தால் வயர் தகரத்தில் பட்ட அந்த நொடியிலேயே விழும், அறையில் ஆள் இருக்கத் தேவையில்லை. இரண்டும் வேண்டும்.

கடைசியில் ஏசியின் தண்ணீர்க் குழாயையும் அந்த ரொட் பக்கமாகவே விட்டேன். மண் ஈரமாக இருந்தால் தடை குறையும், எப்படியும் எங்காவது கொட்டப்போகிற தண்ணீர்தானே.

போர்ட் வேலை

எங்கள் போர்டில் முழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ட்ரிப் சுவிட்ச். ஏசி லைனை அதற்குக் கீழே கொடுத்தால் ஏசியில் சின்னக் கசிவு வந்தாலும் பிரிட்ஜ் உட்பட வீடே இருண்டுவிடும். நானாவும் நானும் கதைத்து, மெயின் ஐசோலேட்டருக்கு (முழு வீட்டுக் கரண்டையும் வெட்டும் சுவிட்ச்) பிறகு லைனை இரண்டாகப் பிரித்தோம். பழையது வீட்டுக்கு, அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஏசிக்கு மட்டும். புதியது ஏ வகை. இன்வேட்டர் ஏசி கரண்டை உள்ளே நேர்மின்னாக மாற்றித்தான் கொம்பிரசரை ஓட்டுகிறது. அதில் வரும் கசிவு துடிப்பான நேர்மின்னாக இருக்கலாம், மலிவாகக் கிடைக்கும் 'ஏசி' வகை (இங்கே ஏசி என்பது ஆல்டர்நேட்டிங் கரண்ட், குளிரூட்டி அல்ல) ட்ரிப் சுவிட்ச் அதைச் சரியாக உணராமல் போகலாம். முகப்பில் ஒரு அலையும் அதன் கீழே அரை அலைகளும் வரைந்திருந்தால் அது ஏ வகை. கடையில் கேட்டால் "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். படத்தைப் பார்த்து எடுங்கள்.

நியூட்ரலையும் கவனமாகப் பிரித்தார். ஏசியின் நியூட்ரல் தப்பித்தவறி பழைய நியூட்ரல் கட்டையில் ஏறினால் இரண்டு ட்ரிப் சுவிட்சுகளும் கணக்குத் தப்பி விழுந்துகொண்டே இருக்கும். பழைய வயர் சிவப்பும் கறுப்பும், புதியது பிரவுனும் நீலமும். குழம்பாமல் இருக்க ஒவ்வொரு முனையிலும் டேப்பில் எழுதி ஒட்டினேன்.

ஏசி வந்த நாள்

பிராக்கெட், பைப், வக்யூம் எல்லாம் அவர்கள் பாடு, அதை நன்றாகவே செய்தார்கள். என் கண் இரண்டு இடத்தில்தான். ஒன்று, உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் இடையே போகும் கேபிள். அதில் லைவ், நியூட்ரல், சிக்னல், எர்த் என்று நான்கு. கொண்டுவந்தது கொஞ்சம் கட்டை. முறுக்கி டேப் சுற்றி நீட்டிவிடலாம் என்றார் உதவிக்கு வந்த பெடியன். வேண்டாம், ஒரே நீளத்தில் வேறு கேபிள் நான் தருகிறேன் என்று முன்பே வாங்கிவைத்ததைக் கொடுத்தேன். அந்த ஜொயின்ட் சூடேறுவது ஒரு பக்கம். சிக்னல் வயரில் தொடுப்பு சரியில்லை என்றால் இரண்டு யூனிட்டும் ஒன்றோடொன்று பேசாமல் எரர் காட்டிக்கொண்டு நிற்கும், பிறகு ஏசிக்குள் இருக்கும் போர்ட் போய்விட்டது என்று பில் வரும்.

இரண்டு, டேர்மினல் திருகுகள். நுண்கம்பி வயரை அப்படியே திருகுக்குக் கீழே செருகினால் பாதி இழை வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு முனையிலும் ஃபெரூல் என்ற சின்ன உலோக உறை போட்டு நசுக்கி, இறுக்கி, பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தொடுப்பில் அரை ஓம் தடை இருந்தால் 7 ஆம்பியருக்கு 25 வாட் அந்தத் திருகிலேயே சூடாகும். ஒரு சோல்டரிங் அயர்னை பிளாஸ்டிக் மூடிக்குள் வைத்து மூடிய மாதிரி. எந்த புரேக்கருக்கும் இது தெரியாது. கரண்ட் கூடவில்லை, கசியவும் இல்லை.

இந்த மொடலில் கரண்ட் நேரே வெளி யூனிட்டுக்குத்தான் போகவேண்டும், மூடிக்குள் ஒட்டியிருக்கும் படம் அதைச் சொல்கிறது. எல்லா ஏசியும் இப்படி இல்லை, படத்தைப் பார்க்காமல் கொளுவக்கூடாது. அறைக்குள் கை எட்டும் உயரத்தில் 20 ஆம்பியர் இருமுனை சுவிட்ச், வெளியே யூனிட்டுக்குப் பக்கத்தில் தூசியும் மழையும் புகாத ஐபி65 ஐசோலேட்டர். இரண்டும் லைவையும் நியூட்ரலையும் சேர்த்தே வெட்டும். சேர்விஸ் செய்ய வருகிறவர் மேலே நிற்கும்போது உள்ளே யாரும் தெரியாமல் போட்டுவிட முடியாது. கேபிள் ஐசோலேட்டருக்குள் போவது கீழ்ப்பக்கமாக. அதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறும்படி விட்டேன், மழைத் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது. அணைத்த உடனேயும் வெளி யூனிட்டைத் திறக்காதீர்கள். இன்வேட்டர் போர்டின் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின் சில நிமிடம் தங்கியிருக்கும்.

போட்டுப் பார்த்தபோது கிளாம்ப் மீற்றரில் ஒரு ஆம்பியரில் தொடங்கி மெதுவாக ஐந்துக்கு ஏறியது. அறை குளிர்ந்ததும் இரண்டுக்கு இறங்கியது. நானா ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமத்தினார், ஏசி மட்டும் நின்றது, ஹோலில் அம்மாவின் டிவி நிற்கவில்லை. அம்மாவுக்கு அது போதும். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு புரேக்கரையும் சுவிட்சையும் வெப்பம் அளக்கும் துப்பாக்கியால் பார்த்தேன், சுற்றியுள்ளதை விட இரண்டு மூன்று பாகைதான் கூட.

மிச்சம் இருப்பது மின்னல் வேலை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி இங்கே சும்மா விடாது, இன்வேட்டர் போர்ட் அதற்கு முதலில் பலியாகும். எர்த் இப்போது ஒழுங்காக இருப்பதால் மின்னலால் லைனில் பாயும் மிகை வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் சேர்ஜ் அரெஸ்டர் ஒன்றை மெயின் போர்டில் பூட்டலாம். இடம் விட்டுத்தான் புதிய பெட்டி வாங்கியிருக்கிறேன், நானா அடுத்த மாதம் வருகிறார். அக்கா தன் அறைக்கும் ஒரு ஏசி கேட்கிறாள். அதற்கு இந்த 30 ஆம்பியர் இணைப்பு காணாது, மூன்று ஃபேஸுக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.