அப்பா வண்டியும் உப்புக்காத்தும்
அப்பாவோட ஹெர்குலிஸ் சைக்கிளை போன வருஷம் ஊர்லேருந்து திருவான்மியூருக்கு கொண்டு வந்தேன். ஊர்ல முப்பது வருஷத்துக்கு மேல ஓடின வண்டி, ஆனாலும் ஹேண்டில்பார்ல மூஞ்சி பாக்கலாம், அப்படி வச்சிருந்தார். இங்க வந்த மூணே மாசத்துல பார் முழுக்க கடுகு தெளிச்ச மாதிரி செம்பழுப்பு புள்ளி. பீச் ரெண்டு தெரு தள்ளிதான். பாத்ததும் மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

அப்பா செய்யற மாதிரி தேங்காண்ணெய் தடவினேன். ஊர்ல அது சரியா இருந்துச்சு, இங்க எண்ணெய்ல தூசியும் மணலும் அப்பிக்கிட்டு, துடைக்கும்போது அந்த மணலே கீறல் போட்டுருச்சு.

ஹேண்டில்பார் மேல பளபளன்னு இருக்கற குரோம் முலாமுக்கு துரு பிடிக்காதுங்க, பிடிக்கறது அடியில இருக்கற இரும்புக்கு. இரும்பு மேல நிக்கல், அதுக்கு மேல ஒரு மைக்ரான்கூட இல்லாத குரோம், அந்த குரோம்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல் நிறைய இருக்கும், நிக்கலும் எங்கயாவது தேஞ்சிருந்தா உப்பு ஈரம் அது வழியா இறங்கி இரும்பை அரிச்சிடும். அதனால தேய்ச்சு பளபளப்பாக்கறது பாதி வேலைதான், அந்த விரிசலை அடைக்கணும்.

இப்ப நான் செய்யறது இதான். சமையல்கட்டு அலுமினியம் ஃபாயிலை கசக்கி, தண்ணில நனைச்சு மெதுவா தேய்ப்பேன், அலுமினியம் குரோமைவிட ரொம்ப மெது, கீறாது (பாத்திரம் தேய்க்கற கம்பி நாரை மட்டும் கிட்டயே கொண்டு போகாதீங்க). அப்புறம் நல்ல தண்ணில கழுவி, ஸ்க்ரூ இடுக்குல கூட ஈரம் இல்லாம காய விட்டு, கார் வேக்ஸ் மெல்லிசா ஒரு பூச்சு, வெளுத்து காஞ்சதும் பழைய பனியன் துணில துடைச்சா முடிஞ்சுது. மாசத்துக்கு ஒரு தடவை போதும், ஐப்பசி கார்த்திகை மழைல ரெண்டு தடவை. நடுவுல வாரம் ஒருமுறை ஈரத்துணில துடைச்சு உடனே காஞ்ச துணிலயும் துடைச்சிடணும், உப்பு வெறும் காஞ்ச துணிக்கு போகாது.

ரிம்முக்கு வேக்ஸ் போடும்போது ஜாக்கிரதை. கம்பி பிரேக் (கேபிள் இல்லாம இரும்புக் கம்பி இழுக்கறது) வண்டில பிரேக் கட்டை ரிம்மோட உள்பக்கம், ஸ்போக் இருக்கற பக்கம் பிடிக்கும், அங்க வேக்ஸோ எண்ணெயோ பட்டா பிரேக் பிடிக்காது.

பெல்லு பித்தளை. புளி போட்டா பளிச்சுனு வருது, ஆனா புளிப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் சீக்கிரமே திரும்ப கறுத்துடும், அதனால நல்லா அலசி இதுக்கும் அதே வேக்ஸ்தான். ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் குங்குமத்தையும் மறுநாளே துடைச்சிடறேன், ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்குது.

இதெல்லாம் செஞ்சப்பதான் சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்பைப் பாத்தேன். கலர் கலரா புஸுபுஸுன்னு ஒரு வளையம் மாட்டியிருப்பாங்களே, சின்ன வயசுல அது அழகுக்குன்னுதான் நினைச்சிருந்தேன். சக்கரம் சுத்தச் சுத்த அதுவே ஹப்பைத் துடைச்சுக்கிட்டே இருக்கு. அப்பா மாட்டினது நைஞ்சு நூலா தொங்குது, அதுக்கடியில ஹப்பு இன்னும் வெள்ளி மாதிரி இருக்கு. புதுசா ரெண்டு வாங்கிட்டேன், அந்தப் பழசையும் கழட்டல.