புது மென்பொருளுக்கு மாறும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் வேலையிடம். சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் புதிதாகச் சேர்கிறவர்களுக்காக 2015-ல் ஒன்பது பாதுகாப்புப் பாடங்களைத் தமிழில், கணினிப் பாடங்கள் உருவாக்கும் மென்பொருளான அடோபி கேப்டிவேட்டில் செய்திருந்தேன். 2023-ல் வந்த புதிய கேப்டிவேட் அந்தப் பழைய கோப்புகளைத் திறக்காது. எப்படியும் மறுபடி கட்ட வேண்டும் என்றான பிறகு, அதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான ஸ்டோரிலைனுக்கே போய்விட முடிவெடுத்தேன்.

கேப்டிவேட் கோப்பை ஸ்டோரிலைன் நேரடியாக எடுத்துக்கொள்ளாது. முடித்த பாடத்தைப் பயிற்சித் தளத்தில் ஏற்றுவதற்கான ஸ்கார்ம் பொதியும் உதவாது; அது ஓடுவதற்கானது, திருத்துவதற்கல்ல. பாடத்தை எழுத்து, குரல், படம், கேள்வி என்று பிரித்துத்தான் எடுத்தாக வேண்டும்.

எனக்குக் குரல்தான் முதல் கவலை. பாடங்களில் பேசியவர் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த, தோட்ட மேற்பார்வையாளராக ஓய்வுபெற்ற மண்டோர் தாத்தா. அவர் இப்போது இல்லை. பதிவு செய்த மடிக்கணினியும் எப்போதோ கெட்டுவிட்டது. “கோலை மின்கம்பிகிட்ட கொண்டுபோகாதய்யா, அலுமினியம்” என்று குலை அறுக்கும் கோலைப் பற்றி அவர் சொன்னது கேப்டிவேட் கோப்புக்குள் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அதனால் எல்லாக் கோப்புகளையும் இரண்டு இடங்களில் நகலெடுத்துவிட்டு, நகலை மட்டுமே திறந்தேன். கேப்டிவேட்டில் ஒலி, படங்கள் சேர்ந்திருக்கும் லைப்ரரியிலிருந்து ஒலிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பாட எண்ணும் திரை எண்ணும் வைத்துப் பெயரிட்டேன். மூன்று நாள் ஆனது. நான்காம் பாடத்தில் அவர் இருமுவதை நான் வெட்டவில்லை.

அப்புறம் எழுத்து. வசனங்களை வேர்ட் ஆவணமாக எடுத்தபோது பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளின் குப்பை. அந்நாளில், இன்றைய பொதுத்தரமான யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியதன் விளைவு. எழுத்துரு மாற்றியில் போட்டால் தமிழ் திரும்பி வந்தது. ஆனால் இடையில் இருந்த ஆங்கிலச் சுருக்கங்களும் மருந்துப் பெயர்களும் அர்த்தமில்லாத தமிழாகிவிட்டன. தமிழ்ப்பள்ளி ஆசிரியையான என் அக்கா ஒலியைக் கேட்டுக்கொண்டே வரி வரியாகச் சரிபார்த்தார். இந்த வேலையைத் தனியாளாகச் செய்யாதீர்கள். எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

கேள்விகளை எக்செல் வார்ப்புருவில் தட்டினேன். ஸ்டோரிலைன் அதை இறக்கிக்கொள்ளும். பதிலுக்கேற்ப வேறு வேறு திரைக்குக் கிளைபிரியும் இடங்கள் மட்டும் எந்த வழியிலும் வராது. எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே போகும் என்று ஒரு நோட்டில் படமாக வரைந்துகொண்டேன்.

திரை அளவை முன்கூட்டியே மாற்றுங்கள். என் பழைய பாடங்கள் 1024×627 பிக்சல். ஸ்டோரிலைன் தானாகத் திறப்பது 720×540. படங்களை வைத்த பிறகு மாற்றினால் எல்லாம் இடம் பெயரும்.

பழைய அசைபடங்களை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் 2020 இறுதியோடு முடிந்துவிட்டதால் நான்கு அசைபடங்களைப் புதிதாக வரைந்தேன். களைக்கொல்லிப் பாடத்தைப் படித்தபோதுதான் திடுக்கிட்டேன்: அது பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பது பற்றியது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. இடம் மாற்றும் அவசரத்தில் அதையும் அப்படியே கொண்டுபோயிருப்பேன். பாடத்தை நீக்கிவிட்டு, தெளிப்பவரின் கையுறை, முகமூடி பற்றிப் புதிதாக எழுதினேன்.

எட்டுப் பாடங்கள் ஓடுகின்றன. புதிதாக எழுதிய அந்த ஒன்பதாவதற்குத்தான் குரல் இல்லை. தாத்தாவின் மகனிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பேசிப் பார்க்கிறேன் என்றார்.